பத்து, பதினான்கு, பதினேழு: எந்தப் பிள்ளைக்கு எந்த எச்.பி.வி. ஊசி?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் எங்களுக்கு ஒரு மெடிக்கல் இருக்கிறது. நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி உட்காருவோம். தக்காளி மண்டிக்கு வந்து போகிறவர்கள்தான் பாதி வாடிக்கை. கூடையை இறக்கி, காசு கைக்கு வந்த கையோடு அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, பிள்ளைக்கு இருமல் டானிக் என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். கொஞ்ச நாளாக அவர்களில் சில பெண்கள், கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். "அக்கா, பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஏதோ கேன்சர் ஊசி வந்திருக்காமே, போடலாங்களா?"

போடலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. ஊசி அது, போடுவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த கேள்விகளுக்குத்தான் எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. எந்தக் கம்பெனி ஊசி, எத்தனை டோஸ், இப்போதே காசு கொடுத்துப் போடுவதா, அரசாங்கம் இலவசமாகப் போடும் வரை பொறுப்பதா? வருகிறவர்கள் எல்லோரும் பிராண்டில் ஆரம்பிக்கிறார்கள். பிள்ளையின் வயதில் ஆரம்பித்தால் பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

எங்கள் வீட்டிலேயே மூன்று பேர். பெரியவளுக்கு 14, ஒன்பதாவது படிக்கிறாள். சின்னவளுக்கு 10. நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பதால் அவர்கள் மகள் எங்களோடு தங்கி பிளஸ் டூ படிக்கிறாள், அவளுக்கு 17. மூன்று பேருக்கும் மூன்று விதமாக முடிவெடுத்தோம். ஏன் அப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் என் சித்தியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாரண்டஅள்ளிப் பக்கம் அவர் ஊர். "வெள்ளைப்படுது பாப்பா, மாத்திரை குடு" என்று என் கடைக்கே வருவார். நானும் கொடுத்தேன். மாதவிடாய் நின்று இரண்டு வருடம் கழித்துத் திட்டுத் திட்டாக ரத்தம் பட்டபோது, சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று தடவை காட்டினோம். மூன்று தடவையும் உள்ளே பரிசோதிக்காமலே சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுத்ததும் நான்தான். கடைசியில் பெங்களூருக்குக் கொண்டு போனபோது கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், மூன்றாம் கட்டம் என்றார்கள். கதிர்வீச்சு கொடுத்தும் இரண்டு வருடம்தான் இருந்தார். போகும்போது அவருக்கு 53. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், உறவுக்குப் பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, இந்த மூன்றில் எதைச் சொல்லி யார் வந்தாலும் இப்போதெல்லாம் நான் மாத்திரை கொடுப்பதில்லை. ஜி.எச்.சுக்குப் போகச் சொல்கிறேன். சில பேர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். சரி, போகட்டும்.

இந்தியாவில் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகம் வருவது இந்தக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான். 2022 கணக்குப்படி ஒரு வருடத்தில் சுமார் 1,27,000 பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்திருக்கிறார்கள். காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த வைரஸில் இருநூறுக்கு மேல் வகை இருக்கிறது. புற்றுநோய் வரை கொண்டு போவது அதில் ஒரு டஜனுக்குச் சற்று மேல்தான். அதிலும் 16, 18 என்று எண் போட்ட இரண்டு வகைதான் உலகத்தில் 100-க்கு 70 கேஸ்களுக்குக் காரணம். இந்தியாவில் அந்த இரண்டின் பங்கு இன்னும் கூட, 80-ஐ ஒட்டி வருகிறது. இந்த 80-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த ஊசியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

வைரஸ் தொற்றினால் புற்றுநோய் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கிற ஆணோ பெண்ணோ, அநேகமாக எல்லோருக்குமே எப்போதாவது ஒரு தடவை இது ஒட்டிப் போகும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே துரத்திவிடும். துரத்த முடியாமல் தங்கிவிட்ட ஒருசிலரிடம்தான் பதினைந்து, இருபது வருடம் சத்தமில்லாமல் இருந்து புற்றாகிறது. தோல் படுவதாலேயே தொற்றும் என்பதால் ஆணுறைகூட முழுப் பாதுகாப்பு தராது. கணவன் ஒருவனைத் தவிர வேறு யாரையும் அறியாத என் சித்திக்கு வந்தது. அதனால் "எங்க பிள்ளை அப்படிப்பட்டவ இல்ல" என்று யாராவது சொன்னால், இதற்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அந்தப் பேச்சை வளர்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். உள்ளே வந்துவிட்ட வைரஸை அது விரட்டாது. 9 முதல் 14 வயது என்று சொல்வது இதனால்தான். அந்த வயதில் உடம்பு எதிர்ப்புச் சக்தியை அள்ளிக் கொடுக்கும் என்பது இன்னொரு காரணம்; பெரிய பெண்களுக்கு மூன்று டோஸ் கேட்கிற இடத்தில் சின்னப் பிள்ளைக்கு இரண்டு போதும். நம் மாவட்டத்தில் பத்தாவது முடித்த கையோடு பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற வழக்கம் இன்னும் முழுசாக ஓயவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது வேறு ஊருக்கு வேண்டுமானால் சரிப்படும். இங்கே அந்தக் கல்யாணம் எப்போது வந்து நிற்கும் என்று தாய்க்கே தெரிவதில்லை.

சரி, கடைக்கு வருவோம். இப்போது பெற்றோர் முன்னால் இருப்பது நாலைந்து வழி.

முதலாவது செர்வாவேக். புனேயில் இருக்கும் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிப்பது. 2022 ஜூலையில் அனுமதி கிடைத்து, 2023 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. 6, 11, 16, 18 என்று நாலு வகை வைரஸுக்கு எதிரானது. 16-ம் 18-ம் புற்றுநோய்க்கு, 6-ம் 11-ம் பிறப்புறுப்பில் வரும் மருக்களுக்கு. வந்தபோது டோஸ் ஒன்றுக்கு 2,000 ரூபாய் என்று விலை வைத்தார்கள். 15 வயதுக்குள் முதல் டோஸ் போட்டால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு போதும், ஆக 4,000. 15 ஆகிவிட்டால் முதல் நாள், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம் என்று மூன்று, ஆக 6,000. டாக்டர் ஃபீஸ் தனி.

இரண்டாவது கார்டசில். அமெரிக்காவில் 2006-லும் இந்தியாவில் 2008-லும் அனுமதி கிடைத்த பழைய ஊசி. அதே நாலு வகைதான். விலை செர்வாவேக்கைவிடக் கூட. இதற்குச் சாதகமாக ஒன்று உண்டு, அது அனுபவம். பதினைந்து வருடத்துக்கு மேல் பல நாடுகளில் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. 17 வயதுக்குள் போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்தது என்று ஸ்வீடனில் 2020-ல் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். அந்தக் கணக்கு இந்த ஊசிக்கு உரியது. செர்வாவேக் வந்து சில வருடம்தான் ஆவதால் புற்றுநோயைத் தடுத்ததற்கான நேரடிக் கணக்கு அதற்கு இன்னும் இருக்க முடியாது. நம் நாட்டில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி கார்டசிலுக்குக் குறையாமல் உண்டானதைப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்தார்கள். எனக்கு அது போதும். "நாலு தலைமுறை பார்த்தாத்தான் நம்புவேன்" என்கிற என் மாமனார் மாதிரி ஆட்கள் கார்டசிலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், தப்பில்லை.

மூன்றாவது கார்டசில் 9. அந்த நாலோடு 31, 33, 45, 52, 58 என்று இன்னும் ஐந்து வகைக்குச் சேர்த்து. உலகக் கணக்கில் 100-க்கு 90 கேஸ்களுக்குக் காரணமான வகைகள் இதில் அடங்கிவிடுகின்றன. ஒரு டோஸே பத்தாயிரத்தைத் தாண்டும். இரண்டு டோஸ் என்றால் இருபதுக்கு மேல், மூன்று என்றால் முப்பதுக்கு மேல். ஓசூரில் ஐ.டி. வேலைக்குப் பெங்களூர் போய்வருகிற குடும்பங்களில் இதைத்தான் போடுகிறார்கள் என்று நாத்தனார் சொல்கிறார். காசு இருக்கிறவர்கள் தாராளமாகப் போடலாம், ஊசி நல்ல ஊசி. ஆனால் முன்னால் சொன்ன அந்த 80-ஐ இங்கே வைத்துப் பாருங்கள். நம் நாட்டில் நாலு வகை ஊசியே பெரும்பங்கை அடைத்துவிடுகிறது. மிச்சமிருக்கிற ஓட்டையில் பாதிச் சொச்சத்தை அடைக்க ஐந்து மடங்கு காசு. இதற்காகக் கந்து வட்டிக்கு வாங்கியோ, நகையை அடகு வைத்தோ போட வேண்டியதில்லை. ஒருவர் அப்படிக் கேட்டு வந்தார். அவருக்கு இரண்டு பெண்கள். செர்வாவேக்கில் இரண்டு பேருக்கும் முடித்துவிட்டு, மீதியில் மனைவியை டெஸ்ட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றேன்.

நாலாவது, இலவசத்துக்குக் காத்திருப்பது. 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமியர் எல்லோருக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாகப் போடப்போவதாக அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இதில் "படிப்படியாக" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு முறை எப்போது என்பதைக் கிராம சுகாதார நர்சம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். அரசாங்க ஊசி மட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிக்கிமில் 2018-லேயே அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போட்டது, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். குளிர்ப்பெட்டி விஷயத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் பல கடைகளைவிட ஒழுங்கு. என் கடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் கதை இது. முதல் தடவை ஸ்டாக் எடுத்தபோது கடைப் பையன் இரண்டு ஊசி மருந்துக் குப்பிகளை ஃப்ரிட்ஜில் மேல் தட்டில், ஃப்ரீசரை ஒட்டி வைத்துவிட்டான். காலையில் எடுத்தால் உறைந்து கிடக்கிறது. இந்த ஊசிகளில் அலுமினிய உப்பு சேர்த்திருக்கிறார்கள். ஒரு தடவை உறைந்தால் வீரியம் போய்விடும். உருகிய பிறகு பார்த்தால் நல்லது மாதிரியே இருக்கும், போட்டால் வலிக்கும், பலன் இருக்காது. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவே கூடாது. இரண்டையும் குப்பையில் போட்டபோது வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது நடுத்தட்டில், தெர்மாமீட்டர் பக்கத்தில் வைக்கிறோம். தர்மபுரியிலோ சேலத்திலோ வாங்கிக் கருப்புப் பாலித்தீன் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பென்னாகரம் வரை போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெயிலும் கெடுக்கும், ஐஸ் கட்டியை ஒட்டி வைத்தாலும் கெடும். ஊசி இருக்கிற இடத்துக்கே பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடுவதுதான் நல்லது. எந்த பிராண்ட் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறவர்கள், எப்படி வைத்திருந்தீர்கள் என்று ஒருவரிடமும் கேட்பதில்லை.

இலவச ஊசி எத்தனை டோஸ், ஒன்றே ஒன்று போட்டால் போதுமா என்றும் கேட்கிறார்கள். கம்பெனி சொல்கிற கணக்கு இரண்டு, மூன்று டோஸ் என்றாலும், ஒன்பதிலிருந்து இருபது வயது வரை ஒரு டோஸே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு ஆதாரம் தந்ததில் நம் நாட்டுக்கும் பெரிய பங்கு இருக்கிறது, அதுவும் ஒரு சண்டையால் கிடைத்த ஆதாரம். 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஒரு தொண்டு நிறுவனம் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டது. அதில் ஏழு பிள்ளைகள் இறந்ததாகச் செய்தி வந்து பெரிய கொந்தளிப்பு. விசாரித்ததில் பாம்புக்கடி, கிணற்றில் விழுந்தது, பூச்சிமருந்து என்று காரணங்கள் வெளிவந்தன. மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லை என்றார்கள். ஆனால் 2010-ல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அதே சமயம் நாட்டின் வேறு இடங்களில், நம் திண்டுக்கல் பக்கம் அம்பிளிக்கை உள்பட, நடந்துகொண்டிருந்த இன்னொரு ஆராய்ச்சியும் பாதியில் நின்றது. இரண்டு, மூன்று டோஸ் போட வேண்டிய பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். அவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தால், 16, 18 வகை தங்கிவிடாமல் தடுப்பதில் அந்த ஒரு டோஸே சுமார் 95 சதவீதம் வேலை செய்திருக்கிறது. இந்த முடிவு 2021-ல் வெளிவந்தது.

கம்மம் விவகாரத்தை வதந்தி என்று நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஊசி கொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்கு, பெற்றோரைக் கேட்காமல் வார்டனே கையெழுத்துப் போட்டதும் உண்மை. அதை நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் கடுமையாகக் கண்டித்தது. நமக்கும் சித்தேரி மலையில் உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பிள்ளையை விட்டிருக்கிற அப்பா அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் கையெழுத்தை வாங்கித்தான் போட வேண்டும். ஊசியை நம்பச் சொல்கிற நாம் இதையும் சேர்த்துக் கேட்கலாம்.

பயங்களில் அதிகம் காதில் விழுவது "பின்னாடி குழந்தை பொறக்காதாம்" என்பது. உலகம் முழுக்கப் பல வருடம் பார்த்தும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதன் மேலோடு மாதிரி ஈஸ்டில் வளர்த்தெடுத்த புரதம்தான். போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல், சில பேருக்குத் தலைசுற்றல். வளர்கிற வயதுப் பிள்ளைகள் ஊசியைப் பார்த்தே மயங்கிவிடுவது உண்டு. அதனால் உட்கார வைத்துப் போட்டு, கால்மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றோடு அழைத்துப் போகாதீர்கள். ஈஸ்ட்டுக்குக் கடுமையான அலர்ஜி இருக்கிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போடக்கூடாது. பயத்தின் விலை என்ன என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். பக்கவிளைவுச் செய்திகள் பரவியதும் 2013-ல் அந்த அரசாங்கம் ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. எழுபது சதவீதம் பேர் போட்டுக்கொண்டிருந்தது ஒன்றுக்கும் கீழே விழுந்தது. 2022-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். நடுவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வயது திரும்பி வருமா?

ஐந்தாவது வழி, ஊசியே வேண்டாம், பெரியவளானதும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, டெஸ்ட்டும் நல்ல டெஸ்ட்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் கிராமத்துப் பெண்களிடம் நர்சுகளே செய்த எளிய பரிசோதனையால் இந்த நோயில் சாவு 35 சதவீதம் குறைந்ததை 2007-ல் காட்டினார்கள். மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் ஒரே ஒரு தடவை எச்.பி.வி. டெஸ்ட் எடுத்ததிலேயே சாவு பாதியாகக் குறைந்தது. 30 வயது தாண்டிய ஒவ்வொரு பெண்ணும் எடுக்க வேண்டியது, ஊசி போட்டவர்களும் சேர்த்து. ஆனால் ஊசிக்குப் பதில் இதுவே போதும் என்றால், அதில் ஒரு சிக்கல். போக வேண்டுமே! பிள்ளையாக இருக்கும்போது ஊசி போட்டால் ஆறு மாதத்தில் வேலை முடிந்தது. டெஸ்ட்டுக்கு முப்பது வயதில், வீடு, மாடு, களத்து வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கூச்சத்தையும் விட்டுவிட்டு, ஒன்றும் செய்யாத உடம்பைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். என் சித்தி கடைசி வரை போகவில்லை. மருந்துக் கடையில் உட்கார்ந்திருக்கிற நானே போன வருடம்தான் போனேன்.

எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். நர்சம்மா கருவியை வைத்து, பஞ்சில் மருந்து நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவினார். ஊறுகாய்க்குப் போடுகிற வினிகர் வாசனை வந்தது. அசிட்டிக் அமிலம், அதே சரக்குதான். "ஒரு நிமிஷம் அப்படியே இருங்க" என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோளாறு இருந்தால் அந்த இடம் வெள்ளையாக மாறுமாம். எனக்கு மாறவில்லை. லேசான எரிச்சல், அவ்வளவுதான். கையோடு மாமியாரையும் படுக்க வைத்தேன். வெளியே வந்து, "இதுக்குத்தான் இத்தனை நாளா பயந்தமா?" என்றார்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு.

17 வயதுக்காரிக்கு யோசிக்கவே இல்லை. இலவசத் திட்டத்தில் சொன்ன வயதைத் தாண்டிவிட்டாள், காத்திருக்க ஒன்றும் இல்லை. செர்வாவேக் மூன்று டோஸ் ஆரம்பித்தோம். நாத்தனார், "அண்ணி, காசு அனுப்புறேன், அந்த ஒன்பது வகையையே போட்டுடலாமா?" என்று கேட்டார். அந்த முப்பதாயிரம் அவள் காலேஜ் ஃபீஸுக்கு ஆகட்டும் என்றேன். ஒத்துக்கொண்டார். மூன்றுக்கும் காசு புரட்ட முடியாத குடும்பமாக இருந்தால், மூன்றும் வேண்டாம் என்று விட்டுவிடாமல் ஒன்றையாவது போடச் சொல்வேன். ஒரு டோஸின் பலன் மேலே சொன்னதுதான். மீதியை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம்.

14 வயதுக்காரி விஷயத்தில்தான் அதிகம் பேசினோம். பள்ளியில் இலவசமாகப் போடுவதாக இருந்தால் அதையே போடலாம், நாலாயிரம் மிச்சம். ஆனால் காத்திருப்புக்கு ஓர் எல்லை வைத்துக்கொண்டோம், அவளுடைய பதினைந்தாவது பிறந்தநாள். அதற்கு முன்னால் முதல் டோஸ் விழுந்தால் இரண்டோடு முடியும், தாண்டினால் மூன்று. அதனால் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும் வரை பள்ளியைப் பார்ப்பது, வராவிட்டால் கடையிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவது. நர்சம்மாவிடம் மாதம் ஒரு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்கிறார்.

10 வயதுக்காரிக்கு இப்போதைக்கு ஒன்றும் போடவில்லை. ஊசி விற்கிற கடைக்காரியே இப்படிச் சொல்வது சிலருக்கு ஆச்சரியம். அவளுக்கு முன்னால் நாலு வருடம் இருக்கிறது. நான் இதே ஊரில் இருப்பேன், மறக்கவும் மாட்டேன். இதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருக்கிற குடும்பம், பிள்ளையின் படிப்பு நின்றுவிடுமோ என்கிற நிலையில் இருக்கிற குடும்பம், இவர்கள் 14 வரை காத்திருந்தால் பள்ளிக்கு ஊசி வருகிற அன்றைக்குப் பிள்ளை பள்ளியில் இருக்காது. ஒன்பதோ பத்தோ, கையில் நாலாயிரம் இருக்கிற வருடம் போட்டுவிடுங்கள். மாங்காய்க் காசு வருகிற ஆனி, ஆடியில் போடுகிறவர்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் உண்டு.

ஆண் பிள்ளைகளுக்கும் போடலாமா என்றால், போடலாம். செர்வாவேக்குக்கு அந்த அனுமதியும் இருக்கிறது. இருக்கிற காசு ஒருத்தருக்குத்தான் வரும் என்றால் பெண்ணுக்குப் போடுங்கள்.

இரண்டாவது டோஸ் தள்ளிப்போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். ஆரம்பித்த பிராண்டிலேயே முடிப்பது நல்லது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. முதல் டோஸுக்கு வருகிற கூட்டம் இரண்டாவதுக்கு வருவதில்லை. கடையில் மாட்டியிருக்கும் நாள் காலண்டரில், கிழிக்க வேண்டிய தாளின் பின்பக்கம் அவர்கள் போன் நம்பரை எழுதி வைத்துவிடுகிறேன். அந்தத் தேதி வந்து தாளைக் கிழிக்கும்போது நம்பர் கையில் இருக்கும். போன மாதம் ஏழு பேரைக் கூப்பிட்டேன். ஐந்து பேர் வந்து போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவர் பெங்களூரில் இருக்கிறார், மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது பிள்ளையை அழைத்து வருவதாகச் சொன்னார். ஏழாவது நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அவர் மண்டிக்குச் செவ்வாய்க்கிழமை வருவார், பார்த்தால் பிடித்துவிட வேண்டும்.